26 அடி வேண்டாம், நண்பா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே சின்னவளும் வேலையில் சேர்ந்து வெளியூர் போய்விட்டாள். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. சனி, ஞாயிறு இரண்டும் கடலோடுதான் கழிகின்றன.

நீ வாங்க நினைத்து அனுப்பிய மூன்று பாய்மரப் படகுகளின் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த 26 அடிப் படகின் மேல்தான் உன் மனசு விழுந்திருக்கிறது, நீ எழுதியிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. உள்ளே ஓரளவு நிமிர்ந்து நிற்கலாம், நாலு பேர் படுக்கலாம், தனிக் கழிப்பறை வேறு. தங்கச்சிக்கும் பிடித்திருக்கிறது என்கிறாய். ஆனாலும் சொல்கிறேன், அதை விட்டுவிடு. 22 அடிக்கு மேல் போகாதே.

என் முதல் படகு 25 அடி என்பது உனக்கு நினைவிருக்கும். காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப் போகலாம் என்றுதான் வாங்கினேன். இழுக்கவும் முடிந்தது. ஆனால் கரைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து பாய் விரிவதற்குள் இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவும் கூட ஒரு ஆள் இருந்தால்தான். டிரெய்லரில் படுத்திருக்கும் பாய்மரத்தை ஒவ்வொரு முறையும் தூக்கி நிறுத்த வேண்டும், அது அவ்வளவு கனம். சாயங்காலம் களைத்துப்போய்க் கரையேறிய பிறகு அதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதல் வருஷம் ஒன்பது முறை போனேன். அடுத்த வருஷம் நாலு. மூன்றாவது வருஷம் ஒரே ஒரு முறை. மற்ற நாளெல்லாம் அது தார்ப்பாய்க்குக் கீழே நின்றது, நான் பராமரிப்புச் செலவு செய்துகொண்டிருந்தேன். இப்போதிருக்கும் 22 அடிப் படகைத் தனி ஆளாக முக்கால் மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிடுகிறேன். போன வருஷம் முப்பது முறைக்கு மேல் போயிருப்பேன். கேபினில் குனிந்துதான் நடக்கிறேன், அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அதனால் எந்தப் படகைப் பார்க்கப் போனாலும் விற்பவரிடம் முதலில், "பாய்மரத்தை என் எதிரில் ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்கள்" என்று கேள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள். பாய்மரத்தின் அடியில் மடங்கும் மூட்டு இருக்கிறதா, தூக்கி நிறுத்தத் துணைக்கம்பும் கயிறு சுற்றும் வின்ச்சும் உண்டா, பக்கத்துக்குச் சாயாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கவனி. கார்னிஷ் ஷ்ரிம்பர் 19 மாதிரியான படகுகளில் பாய்மரம் குட்டை. பழைய பாணியில் மேல்கழியோடு பாய் கட்டுவதால் உயரம் தேவைப்படுவதில்லை, ஒரே ஆள் சுலபமாக நிறுத்திவிடலாம். 1979-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள் என்றால் சும்மாவா? இன்னொன்று, பாய்மரத்தை நிறுத்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர் போயிருக்கிறது.

அடுத்தது எடை. விளம்பரத்தில் 1,000 கிலோ என்று போட்டிருப்பான். அது வெறும் படகின் எடை. எஞ்சின், பெட்ரோல், நங்கூரம், சங்கிலி, பேட்டரி, தண்ணீர், உன் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்று. டிரெய்லரே 300, 400 கிலோ இருக்கும். சுளையாக 1,600 கிலோவைத் தொட்டுவிடும். உன் காரின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று அச்சிட்டிருக்கும், அதை முதலில் பார். முடிந்தால் படகையும் டிரெய்லரையும் சேர்த்து எடைமேடையில் ஏற்றச் சொல். அகலமும் முக்கியம். சுமார் 2.5 மீட்டரைத் தாண்டினால் பல நாடுகளில் சாலையில் இழுத்துப்போகத் தனி அனுமதி கேட்பார்கள்.

கீல், அதுதான் படகு கவிழாமல் இருக்க அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் கனமான பகுதி, அந்த விஷயத்தில் நீ குழம்பியிருப்பது புரிகிறது. அடியில் இரட்டைக் கீல் உள்ள படகு, நீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் டிரெய்லரில் உயரமாக உட்காரும், மிதக்கவைக்க ஆழமான தண்ணீர் வேண்டும். மெக்ரெகர் 26 மாதிரி தண்ணீரையே பாரமாக நிரப்பிக்கொள்ளும் படகுகள் இழுப்பதற்கு லேசு, கரையேறியதும் திறந்துவிட்டால் போதும். ஆனால் தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனமில்லை. படகு சாய்ந்து, அந்தத் தொட்டியின் ஒரு பக்கம் கடல்மட்டத்துக்கு மேலே வந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதனால் முதலில் சட்டென்று சாயும், பிறகு பிடித்துக்கொள்ளும். பழகாதவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

எனக்குப் பிடித்தது தூக்கி இறக்கும் கீல்தான். என்னுடையது கேட்டலினா 22. கீலைத் தூக்கினால் 60 சென்டிமீட்டர் ஆழம் போதும், இறக்கினால் ஒன்றரை மீட்டர். சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு ஒற்றைப் பின்னில் (ஓர் உலோக முளையில்) தொங்குகிறது. அந்தப் பின்தான் இந்தப் படகின் உயிர்நாடி. வாங்கும் முன் நான் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கீலைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினேன். லேசாக அசைந்தால் பரவாயில்லை. 'டொக்' 'டொக்' என்று அடித்தால் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது என்று அர்த்தம். என்னுடையது அடித்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கி, பின்னை மாற்றினேன். கீலைத் தூக்கும் கம்பிவடத்தில் துணியைச் சுற்றி இழுத்துப் பார். ஒரு இழை துணியில் சிக்கினாலும் வடம் முழுவதையும் மாற்றிவிடு. அறுந்தால் அத்தனை கனமும் ஒரே அடியாகக் கீழே விழுந்து அடிப்பகுதியைப் பிளந்துவிடும். இறக்கிய கீலைப் பூட்டும் போல்ட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். (நல்ல காற்றில் வேகமெடுக்கும்போது அந்த வடம் தம்புரா மாதிரி ரீங்கரிக்கும். முதல் தடவை பயந்துவிடாதே.)

மேல்தளத்தைத் தட்டிப் பார்க்க மறக்காதே. ஃபைபருக்கு நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். சின்னச் சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் ஒவ்வொரு கை அகலத்துக்கும் தட்டிக்கொண்டே போ. 'டக்' 'டக்' என்று கெட்டியாக வந்த சத்தம் திடீரென்று 'பொத்' என்று மாறினால் உள்ளே தண்ணீர் இறங்கிக் கட்டை ஊறியிருக்கிறது. பாய்மரத்தின் அடியிலும், அதைத் தாங்கும் கம்பிவடங்கள் மாட்டும் இரும்புப் பட்டைகளைச் சுற்றியும், ஜன்னலோரமும்தான் பெரும்பாலும் ஊறும். உள்ளங்கை அளவு என்றால் சரிசெய்துகொள்ளலாம். பாதித் தளம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

எல்லோரும் படகைப் பார்ப்பார்கள், டிரெய்லரைப் பார்க்க மாட்டார்கள். சக்கரம் ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரில் முங்கி எழுகிறது. ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன்பு ஒருமுறை நடுரோட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு, என் டிரெய்லரின் இடதுபக்க ஹப்பிலிருந்து, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து, புகை வந்தது. கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் கரைந்து கிடந்தது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிக் கழுவி கிரீஸ் மாற்றாமல் விடுவதில்லை. டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஏழு எட்டு வருஷமான டயரை நம்பாதே.

எஞ்சினுக்கு 4 முதல் 6 குதிரைத்திறன் போதும், ஆனால் நீளத் தண்டு வேண்டும். இல்லாவிட்டால் அலையில் பின்பக்கம் எழும்பும்போது விசிறி காற்றில் சுழலும். காற்று பலத்தால் பெரிய பாயைச் சுருக்கிக் கட்ட, அதில் இரண்டு வரிசைக் கட்டு கட்டாயம். காக்பிட்டில், அதாவது நாம் உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தில், விழும் தண்ணீர் தானாக வடிய வேண்டும். ஐரோப்பாவில் 1998-க்குப் பிறகு விற்ற படகுகளில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் சி என்றால் பியூஃபோர்ட் காற்று அளவையில் ஆறாம் நிலைக் காற்றும் இரண்டு மீட்டர் அலையும் தாங்கும் என்று பொருள். கரையோரமாகப் போகும் உனக்கு அது தாராளம்.

அந்த மூன்றில் வெள்ளைப் படகு, 21 அடியில் இருக்கிறதே, அதைப் போய்ப் பார். டிரெய்லர் படம் ஒன்றைக்கூட அவர் போடவில்லை, அதுதான் உறுத்துகிறது. சக்கரம், ஹப், டயர் எண் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. என்றைக்குப் பார்க்கப் போகிறாய் என்று மட்டும் எழுது, நானும் வந்துவிடுகிறேன். டார்ச்சும் சுத்தியலும் நான் கொண்டுவருகிறேன், அடியில் விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை மட்டும் நீ எடுத்து வா.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்
பழைய கூட்டாளி