படியை நாங்கள் எடுக்கிறோம், ரோட்டை நீங்கள் சுரண்டுங்கள்

வேலூர் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் வணக்கம்.

காந்தி ரோட்டை ஒட்டி உள்ளே போகும் சின்னத் தெரு எங்களுடையது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள், மருந்துக்கடைகள், வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய சாப்பாட்டுக்கடைகள், நடுவில் இன்னும் விற்காமல் குடியிருக்கும் எங்களைப் போன்ற சில வீடுகள். புது ரோடும் கால்வாயும் வரப்போகிறது என்றதும் தெருவில் முதலில் வந்தது சண்டைதான். இப்போது ஓய்ந்துவிட்டது. எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒரே தாளில் கையெழுத்தும் போட்டாயிற்று. அந்தத் தாள் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் விவகாரத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

சண்டைக்கு மூல காரணம் படிக்கட்டு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதன் மேலேயே புதிதைப் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே போனது. தாழ்ந்துபோன வீட்டுக்காரர் மழைத்தண்ணீருக்குப் பயந்து வாசலை உயர்த்தினார். உயர்த்திய வாசலுக்குப் படி வேண்டும். படிக்குக் கால்வாய்மேல்தான் இடம். பக்கத்துக் கடைக்காரர் பைக் ஏற்ற ஒரு சரிவு கட்டினார். அதற்கடியில் கால்வாயைத் தூர் வார ஆள் கை நுழையாது. அங்கே அடைத்த தண்ணீர் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றது. யார் காலத்தில் யார் போட்ட ரோடு என்று இப்போது தோண்ட வேண்டாம். ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்று நாம் சொல்லும் படிகளில் பாதி, தண்ணீருக்குப் பயந்து கட்டியவை. மீதிப் பாதி ஆசைக்குக் கட்டியவை, அதையும் மறைக்கவில்லை.

அதனால் உடன்பாட்டின் முதல் வரியே இதுதான்: கால்வாய்க்கு மேல் இருக்கும் படி, சரிவு எல்லாவற்றையும் அவரவர் செலவில் அவரவரே இடித்துவிடுவோம். பதிலுக்கு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோட்டைப் போட வேண்டும். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்களே அதிகாரிகளுக்கு அப்படித்தான் எழுதினார். சுரண்டாமல் மேலே போட்டால், இடித்த படி அடுத்த மழைக்குள் திரும்ப முளைத்துவிடும். அப்போது யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது நடைபாதை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், சுமார் ஆறடி. இரண்டு பக்கமும் ஆறடி விட்டால் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் நுழையாது. ஆகவே ஒரு பக்கம்தான். எந்தப் பக்கம் என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தீர்த்துவைத்தது வேலூர் வெயில். ஓ.பி. முடிந்து நோயாளிகள் அறைக்குத் திரும்புவது மதியத்துக்கு மேல். அந்நேரம் நிழல் விழுவது மேற்குப் பக்கம். லாட்ஜில் தங்கிச் சமைக்கிறவர்கள் காய், மீன் வாங்க இறங்குவது காலையில். அப்போது நிழல் கிழக்குப் பக்கம். எனவே மேற்கே நடைபாதை, கிழக்கே தள்ளுவண்டிகள். இந்த யோசனையைச் சொன்னது கீரை விற்கும் அம்மா. நாங்கள் யாரும் தெருவை அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை.

வண்டிக்காரர்கள் ஒன்று கேட்டார்கள், நியாயமான கேள்வி: "வேலை நடக்கும்போது எங்களை எங்கே போகச் சொல்வீர்கள்?" 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுங்கள். லாட்ஜ்காரர்கள் தங்கள் தண்ணீர் லாரிகளைக் காலை ஏழு மணிக்குள் வந்துபோகச் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செய்வார்களா என்று பார்ப்போம்.

கூட்டத்துக்கு வராதவர்கள் நோயாளிகளும் கூட வந்திருப்பவர்களும். அவர்களுக்குச் சங்கமில்லை, இங்கே ஓட்டுமில்லை. வங்காளம் தெரிந்த ஒரு லாட்ஜ் மேனேஜரை விட்டு விசாரித்தோம். பெரிதாக எதுவும் கேட்கவில்லை: சக்கர நாற்காலி ஏறி இறங்க நடைபாதையின் இரு முனையிலும் சரிவு, நடுவே மின்கம்பம் இல்லாத வழி. கம்பத்தை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை என்று தெரியும். அவர்களையும் பாதாள சாக்கடைக்காரர்களையும் ரோடு போடும் முன்பே கூப்பிட்டுவிடுங்கள். போட்ட பிறகு வெட்டினால் சுரண்டியதற்கே அர்த்தமில்லை.

இந்த உடன்பாட்டை, வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யும்படி மாமன்ற உறுப்பினரைக் கேட்டுக்கொள்கிறோம். பதிவானதன் நகல் ஒப்பந்ததாரருக்கு மட்டும் போனால் போதாது, இரவில் வந்து வேலை பார்க்கும் மேஸ்திரி கையில் இருக்க வேண்டும். 2022இல் இதே ஊரில் காளிகாம்பாள் கோயில் தெருவில், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்துச் சிமென்ட் ரோடு போட்டு, நாடே சிரித்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் வேலை தொடங்கும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், வண்டிகளை எடுத்துவிடுகிறோம்.

ஒன்று மட்டும் எங்களால் தீர்க்க முடியவில்லை: ஆட்டோ ஸ்டாண்டு. தெருமுனையை விட்டுப் போனால் சவாரி போய்விடும் என்கிறார்கள் அவர்கள். அங்கே நின்றால் ஆம்புலன்ஸ் திரும்பாது என்கிறோம் நாங்கள். இரண்டுமே உண்மை. போக்குவரத்துக் காவல் துறையிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு, நெரிசல் இருக்கும்போதே வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில்,
ஒரு வீட்டுக்காரர்