இலவசமாகச் செய்து தரச் சொல்லாதீர்கள்: தொண்டு நிறுவனங்களுக்கும் சி.எஸ்.ஆர். பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் தொண்டு நிறுவனம் நடத்தும் அண்ணன்மார், அக்காமார், அவர்களுக்கு நிதி தரும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பு நிதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் சின்னதாக டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். நகைக்கடை, மிட்டாய்க்கடை, சுங்குடிச் சேலை வியாபாரிகள் கொடுக்கும் வேலையில்தான் வாடகையும் சம்பளமும் ஓடுகிறது. அந்தத் தெம்பில் உங்கள் நோட்டீஸ், போஸ்டர், பயிற்சிக் கையேடு எல்லாவற்றையும் குறைந்த கட்டணத்தில் செய்து தருவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டோம். குறைந்த கட்டணம். இலவசம் என்று எப்போதும் சொன்னதில்லை. ஆனால் போன் வரும்போது முதல் வாக்கியமே இப்படித்தான் வருகிறது: "தம்பி, நல்ல காரியம், சேவையா நெனச்சுப் பண்ணிக் குடுங்க."

அதே விழாவுக்குப் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும். மைக்செட்டுக்கும் சாப்பாட்டுக்கும் பேசி முடித்திருப்பீர்கள். அச்சகத்தில் பேப்பர் காசை முன்னாலேயே கட்டியிருப்பீர்கள். டிசைன் மட்டும் சேவை. கம்ப்யூட்டரில் ரெண்டு தட்டு தட்டினால் வந்துவிடும் என்ற நினைப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேவை என்றால் காசு பேசக் கூடாது என்று இந்த ஊரில் யார் சொன்னாலும் அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுவேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கொடுக்க முடிந்தவர்கள் கட்டணம் கொடுக்கிறார்கள். அந்த வருமானம்தான் கொடுக்க முடியாதவர்களின் அறுவை சிகிச்சையைத் தாங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகமாக இருந்தபோது யாரிடமும் ஓசியில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கி இங்கேயே தயாரித்து விலையை இறக்கினார்கள். கணக்கு நேராக இருப்பதால்தான் அந்தச் சேவை இன்றுவரை ஓடுகிறது. நாங்கள் கண் மருத்துவம் பார்க்கவில்லை, சரி. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கள் வேலையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். அச்சடிக்க வேண்டிய மேட்டர் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் வரும், சில சமயம் கைப்பட எழுதி வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக வரும். எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து மாறாமல் தெரியும் பொது முறையான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றாகிவிட்டது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும், புள்ளி காணாமல் போகும். வரிவரியாக உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அதன்பின் அச்சகத்துக்காரர், "எழுத்தெல்லாம் கர்வ் பண்ணிக் குடுத்துருங்க, எங்க மிஷின்ல ஒடஞ்சிரும்" என்பார், எழுத்தைப் படமாக மாற்றித் தரச் சொல்கிறார். அதையும் செய்து கொடுக்கிறோம்.

இதெல்லாம் சில்லறை வேலை. அசல் வேலை வேறு இடத்தில் நடக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்காகச் சர்க்கரை நோய் மாத்திரை அட்டை ஒன்று போட்டோம். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று படமாகவே சொல்ல வேண்டும். காலைக்குப் பாதிச் சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று வரைந்திருந்தோம். டாக்டர் பார்த்தார், திட்ட அலுவலர் பார்த்தார், எல்லோருக்கும் திருப்தி. அச்சுக்குப் போகும் முன்னால் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் நூறுநாள் வேலை முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் காட்டினோம். பாதிச் சூரியனை உற்றுப் பார்த்த ஒரு பெரியம்மா, "பொழுது சாயயில போடணுமாப்பா?" என்றார். படத்தில் எழுகிற சூரியனுக்கும் விழுகிற சூரியனுக்கும் என்ன வித்தியாசம்? இன்னொருவர், "சேவலப் போட்டு விடுங்க, தெரிஞ்சுக்கிருவோம்" என்றார். பக்கத்திலிருந்த அக்கா விடவில்லை: "இப்ப எவ வீட்டுல சேவ நிக்குது? வாசத் தெளிக்கிற மாதிரி போடுங்க." அப்படியே ஆயிற்று. காலைக்கு வாசல் தெளிக்கும் கை, மத்தியானத்துக்குத் தூக்குவாளி. நிலாவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அது மட்டும் தப்பித்தது.

அந்த மத்தியானம் நடக்காமல் இருந்திருந்தால் காலை மாத்திரையைச் சாயந்தரம் போட்டிருப்பார்கள். அட்டை அழகாகத்தான் இருந்திருக்கும். இப்படி ஊருக்குள் போய்க் காட்டி வருவதற்கான செலவு உங்கள் பட்ஜெட் எதிலும் நான் பார்த்ததில்லை. கேட்டால், "நிர்வாகச் செலவுல கை வைக்க முடியாது தம்பி" என்கிறார்கள். சி.எஸ்.ஆர். பொறுப்பாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். தொகையில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, ஒத்துக்கொள்கிறேன். அதே விதியில்தான், ஒரு திட்டத்தை உருவாக்கவும் செயல்படுத்தவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அந்த 5 சதவீதத்தில் சேராது என்றும் இருக்கிறது. நோயாளி கைக்குப் போகும் மாத்திரை அட்டை திட்டத்தைச் செயல்படுத்தும் செலவு இல்லாமல் வேறென்ன? உங்கள் ஆண்டறிக்கையை வழவழப்பான தாளில் போடுவதை வேண்டுமானால் நிர்வாகச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து பில். எங்கள் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கும். அது எங்கள் பாக்கெட்டுக்கு வரும் காசு கிடையாது. நீங்கள் பில்லை ஆறு மாசம் கிடப்பில் போட்டாலும், பில் போட்ட காலத்துக்கான ரிட்டர்னில் அந்த வரியை நாங்கள் கையிலிருந்து கட்டியாக வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நான் யாரிடமும் அந்த வட்டியைக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வேலை வராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காசு கொடுத்தாலும் செய்யாத வேலைகள் இரண்டு உண்டு. காப்பகக் குழந்தையின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, அழுகிற படமாக இருந்தால் நன்கொடை தருகிறவர் மனசு இளகும் என்பார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் கை அதற்கு வராது. இன்னொன்று, பிளாஸ்டிக் ஒழிப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸ். 2021 டிசம்பரில் அரசு பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின் அந்த விழாக்கள் பெருகின, கூடவே ஃபிளெக்ஸும் பெருகியது. ஃபிளெக்ஸும் பிளாஸ்டிக்தான் ஐயா. ஊரில் சுவரெழுத்து எழுதுகிற ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேஷன் கடைப் பக்கத்தில் அனுமதி வாங்கி ஒரு சுவரில் எழுதினால் அடுத்த மழைக்காலம் தாண்டியும் நிற்கும். அந்த டிசைனைச் சந்தோஷமாகச் செய்து தருகிறோம்.

உண்மையிலேயே கையில் காசில்லாத சின்ன அமைப்புகளும் இருக்கின்றன. மகளிர் குழு, மாலை நேரப் படிப்பகம், கண்மாய் தூர்வாரப் புறப்பட்ட இளவட்டங்கள். அவர்களுக்கென்று எங்கள் நேரத்தில் ஒரு பங்கை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறோம். அவர்கள் கூச்சப்படாமல் மாடியேறி வரலாம். லட்சக்கணக்கில் கம்பெனி நிதி வாங்கி நடக்கும் திட்டத்துக்கு அந்தப் பங்கைக் கேட்கும்போதுதான் மனசு சங்கடப்படுகிறது.

அடுத்த திட்ட வரைவு எழுதும்போது விழிப்புணர்வுப் பொருள்கள் என்று மொத்தமாக ஒரு தொகையைப் போடாமல், உருவாக்கம், களத்தில் காட்டிச் சரிபார்த்தல், அச்சு என்று மூன்று வரியாகப் பிரித்துப் போடுங்கள். தொகை எவ்வளவு என்று தெரியவில்லையா, எழுதும் முன் ஒரு போன் போடுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அதற்குக் கட்டணம் கிடையாது. மார்ச் கடைசி வாரத்தில், யு.சி. (நிதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) அனுப்பும் அவசரத்தில் மட்டும் கூப்பிட வேண்டாம். அந்த வாரம் மதுரையில் இருக்கும் எல்லாத் தொண்டு நிறுவனமும் ஒரே நேரத்தில் எங்கள் மாடிப்படியில் நிற்கிறது.

அப்புறம் லோகோ. வாட்ஸ்ஆப்பில் வருகிற லோகோ அச்சுக்கு ஆகாது, மூலக் கோப்பை மெயிலில் அனுப்புங்கள். நிதி கொடுத்தவர், இடம் கொடுத்தவர், வாழ்த்துரை வழங்குகிறவர் என்று கீழே வரிசை கட்டி நின்றால் மாத்திரை அட்டையில் மாத்திரைக்கு இடமிருக்காது. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சிம்மக்கல் மாடியிலிருந்து ஒரு டிசைனர்