எங்கள் வகுப்பின் இடிட்டராட்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் நான்காம் வகுப்பு இந்த மார்ச் மாதம் முழுக்க அலாஸ்காவின் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தோடேயே ஓடியது. கணக்கு, வாசிப்பு, வரலாறு எல்லாம் அதை வைத்துத்தான். பள்ளிக்கு வந்து உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாகக் கடிதம் போய்விட்டது. துணி, பணம், நேரம் என்று கேட்டதும் கொடுத்த ஆங்கரேஜ் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் நம் மொழியிலேயே நன்றி சொல்ல ஆசை.

தெரியாதவர்களுக்காக: மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நான்காவது அவென்யூவில் ஊர்வலம் போல ஒரு புறப்பாடு. பனி ஏமாற்றாத ஆண்டுகளில் மறுநாள் வில்லோவில் உண்மையான பந்தயம் தொடங்கும். பெரிங் கடலோரத்து நோம் நகரம் வரை ஏறத்தாழ 1000 மைல்.

முதல் நன்றி, இரண்டு நாய்களோடு வகுப்புக்கு வந்த பெரியவருக்கு. பல ஆண்டுகள் இந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர். இங்கே மஷர் என்பார்கள். ஜெயித்த கதை எதுவும் சொல்லவில்லை. வழியில் நின்று இளைப்பாறும் செக்பாயின்ட் வந்ததும் என்ன செய்வார் என்பதைத் தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார். வைக்கோலைப் பிரித்து நாய்களுக்குப் படுக்கை. பனியை உருக்கித் தண்ணீர், சூடாகத் தீனி. ஒவ்வொரு நாயின் பாதத்தையும் விரல் இடுக்கு விடாமல் பார்த்து மருந்து. தன் சாப்பாடும் தூக்கமும் அதற்குப் பிறகுதான். எல்லோரும் முன்னால் ஓடும் லீட் நாயைத்தான் படம் பிடிக்கிறார்கள், வண்டியை ஒட்டி ஓடும் வீல் நாய்கள்தான் பாரத்தைத் தாங்குகின்றன என்று அவர் சொன்னது பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொண்டது. இப்போது குழுவாக வேலை செய்யும்போது "இன்னைக்கு நான் வீல்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பிள்ளைகள் தைத்தது பனியில் ஓடும் நாய்களுக்கான காலுறை. ஒரு நாய்க்கு 4, பன்னிரண்டு நாய்க்கு 48. கிழிந்தும் நனைந்தும் மாற்ற வேண்டியிருப்பதால், ஒரு வண்டிக்குப் பந்தயம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பெருக்கல் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஏறியது. வெல்க்ரோ பட்டை தளர்ந்தால் காலுறை பனியில் கழன்று விழும், இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். நீங்கள் ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் பட்டையைச் சுற்றி, அடியில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவசரமாகத் தைக்கவில்லை.

இந்தப் பந்தயத்தை வகுப்பில் கொண்டாடலாமா என்று கேட்டு எழுதிய பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. பந்தயத்தில் நாய்கள் இறந்த ஆண்டுகள் உண்டு. எதிர்ப்பும் பல காலமாக உண்டு. அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. பந்தயத்தில் தொண்டு செய்த ஒரு கால்நடை மருத்துவர் வந்து, செக்பாயின்ட் தோறும் நடக்கும் பரிசோதனை, 24 மணி நேரக் கட்டாய ஓய்வு, முடியாத நாயை வழியில் விட்டால் விமானத்தில் திருப்பி அனுப்புவது எல்லாம் சொன்னார். சங்கடமான கேள்விகளிலிருந்தும் அவர் நழுவவில்லை. ஆதரித்தும் எதிர்த்தும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் இரண்டும் ஒரே சுவரில் ஒட்டப்பட்டன.

மாணவி ஒருத்தியின் தாத்தா, யூக்கான் நதிக்கரையில் வளர்ந்த அத்தபாஸ்கன் பூர்வகுடிப் பெரியவர், 1925-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய். நெனானாவிலிருந்து 674 மைல். 20 மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்தார்கள். பால்டோ, டோகோ என்ற நாய்களின் பெயரை உலகம் அறியும். அந்த இருபது பேரில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடிகள் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். பின்னாளில் ஸ்னோமெஷின் என்ற பனி மோட்டார் வண்டி வந்து நாய்வண்டி மறையத் தொடங்கியதையும், அதைக் காப்பாற்றத்தான் ஜோ ரெடிங்டன் இந்தப் பந்தயத்துக்குப் பாடுபட்டார் என்பதையும் பிள்ளைகள் அவர் வாயால் கேட்டார்கள்.

இனி லாந்தர் கதை. பழைய வழிச்சத்திரங்களில், வண்டி ஒன்று பாதையில் இருக்கிறது என்று தகவல் வந்தால் வெளியே விளக்கு மாட்டுவார்கள். ஆள் வந்து சேரும் வரை அணைக்க மாட்டார்கள். அதன் நினைவாகப் பந்தயத்தின்போது நோமில் ஒரு விளக்கு எரிகிறது. கடைசியாக வருபவருக்குச் சிவப்பு லாந்தர் விருதும் உண்டு. 1973-இல், நோம் வரை ஓடிய முதல் பந்தயத்தில் வென்ற டிக் வில்மார்த்துக்கு ஏறத்தாழ 20 நாள் ஆனது. கடைசியில் வந்த ஜான் ஷுல்ட்ஸுக்கு 32 நாள்.

எங்கள் வகுப்பில் ஒரு நிமிட வாசிப்பு ஒரு மைல்; எந்த மொழியில் வாசித்தாலும் கணக்கு. நூலகர் தன் வீட்டு லாந்தரை நூலக வாசலில் மாட்டினார். கடைசிப் பிள்ளை 'நோம்' சேரும் வரை அது எரியும் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். வேகமாக முடித்தவர்கள், யாரும் சொல்லாமலே, வழியில் இருப்பவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் சமோவா மொழி பேசும் பையன் ஒருவன். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். கடைசி மைல்களுக்கு அவன் பாட்டி வந்து, சமோவா மொழிப் புத்தகம் ஒன்றை அவனோடு மாறி மாறி வாசித்தார். மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. லாந்தரை அணைத்துவிட்டு, "ஷுல்ட்ஸைவிட நான் சீக்கிரம்" என்றான். வகுப்பே கைதட்டியது. இப்போது கணக்குத் தாளோ ஓட்டமோ, யாராவது முடிக்காமல் இருந்தால் "லாந்தர் எரியுது" என்று சொல்லி எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

வைக்கோலைச் சலிக்காமல் கூட்டிய துப்புரவுப் பணியாளருக்கும், எங்களை வில்லோ வரை கூட்டிப்போன பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி.

பிள்ளைகள் தைத்த காலுறைகள் மஷர் பெரியவர் கைக்குப் போய்விட்டன. அடுத்த பயிற்சிக் காலத்தில் மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சத் துணியை அடுத்த ஆண்டு வகுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஆங்கரேஜில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் பள்ளி அலுவலகத்தில் உங்கள் பெயர் போட்ட உறையில் இருக்கின்றன. மதிய இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
நான்காம் வகுப்பு ஆசிரியை,
ஆங்கரேஜ், அலாஸ்கா