டல்லாஸில் கரண்ட் வாங்குவது

அன்புள்ள முத்து,

ஆஸ்டினைக் காலி செய்துவிட்டு டல்லாஸ் வரப்போகிறாய் என்று படித்ததும் எத்தனை சந்தோஷம் தெரியுமா! மீனாவுக்கு இங்கே வேலை அமைந்ததும் நல்லதாய்ப் போயிற்று. பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். கரண்ட் விஷயத்தைத்தான் தள்ளிப்போட முடியாது.

ஆஸ்டினில் மின்சாரம் நகராட்சியுடையது. பில்லைக் கட்டினால் உன் வேலை முடிந்தது. டெக்சஸின் பெரும்பகுதியில் அப்படியில்லை. 1999-ல் சட்டம் போட்டு, 2002 ஜனவரியில் சில்லறை விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள்; பல கம்பெனிகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். டல்லாஸில் கம்பியும் கம்பமும் ஆன்கோர் என்ற விநியோகக் கம்பெனியுடையவை. நீ யாரிடம் வாங்கினாலும் வருவது அதே மின்சாரம். கரண்ட் போனால் கூப்பிட வேண்டியதும் ஆன்கோரைத்தான். அவர்களுக்கான விநியோகக் கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிப்பதால் அதில் பேரம் கிடையாது. ஆக, நீ தேர்ந்தெடுப்பது பில் அனுப்புகிறவரையும், அவர் விலை போடும் விதத்தையும்தான்.

அந்த விதத்தில்தான் சூது. ஆணையமே நடத்தும் 'பவர் டு சூஸ்' தளத்தில் மலிவானதைத் தேடுவாய். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்: யூனிட் 16 சென்ட், மாதம் 1000 யூனிட் எட்டினால் 100 டாலர் கழிவு. சரியாக 1000 ஓடினால் பில் 60 டாலர். யூனிட் 6 சென்ட் என்று பட்டியலில் பளிச்சென்று நிற்கும். 990 ஓடினால் 158 டாலர் 40 சென்ட்! சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனை. ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள விவரச் சீட்டில் 500, 1000, 2000 யூனிட்டுக்கான சராசரி விலை போட்டிருக்கும். மூன்றும் ரொம்ப விலகாத திட்டத்தை மட்டும் பார். 'இரவில் இலவசம்' என்பவன் பெரும்பாலும் பகலில் பிடுங்கிவிடுவான்.

மொத்தச் சந்தை விலைக்கே வாங்கும் திட்டமும் இருந்தது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அந்த விலை ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1000 யூனிட்டுக்கு, 9000 டாலர் என்ற உச்சவரம்பில் நான்கு நாள் போல நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர்! சில வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. அதே வருடம் வீடுகளுக்கு அந்த வகையைத் தடை செய்தார்கள்; பிறகு உச்சவரம்பும் 5000 ஆனது.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்காதே. எரிவாயுவை எரித்தும் மின்சாரம் எடுப்பதால், அதன் விலை ஏறினால் இதுவும் ஏறும்; 2022-ல் அதுதான் நடந்தது. சூரிய மின்சாரம் நண்பகலில் மொத்த விலையைத் தணிக்கிறது. ஆனால் வெயில் சாய்ந்த பிறகும் ஏசி ஓடுகிறதே! டேட்டா சென்டர்கள் வேறு வரிசை கட்டி வருகின்றன. போட்டி வந்ததால் லாபமா என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு லாபம்தான். ஒப்பந்தம் முடிந்ததே தெரியாமல், மாதாமாதம் மாறும் விலையில் மாட்டிக்கொள்ளும் பெரியவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

நிலையான விலையில் ஒரு வருட ஒப்பந்தம் போடு. முடிவது கோடையாக இல்லாமல் பார்த்துக்கொள். கடைசி 14 நாளில் அபராதமின்றி மாறலாம். வீடு மாறினாலும் அபராதம் கிடையாது, ஆதாரம் காட்டினால் போதும்.

ஆஸ்டின் வீட்டின் ஆகஸ்ட், பிப்ரவரி பில்களை எறிந்துவிடாதே, எடுத்து வா. எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பார்த்து, சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
ராகவன்