கடையா, இணையமா: முக்குளிப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முதல் இன்று வரையிலான சங்க நடவடிக்கைகளை அறிக்கையாக வைக்கிறேன். வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நீச்சல்குளப் பயிற்சி பெரும்பாலும் தடையில்லாமல் நடந்தது. கடல் டைவ்கள் வானிலை விட்ட வழியில் நடந்தன. யாருக்கும் அடிபடவில்லை, யாரையும் டீகம்ப்ரஷன் சிகிச்சைக்கு (வேகமாக மேலே வந்து உடலில் வாயுக் குமிழி உண்டானால் தரும் சிகிச்சை) கொண்டுபோக வேண்டி வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கேள்விகளையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, ஆண்டு முழுக்க நம் கூட்டங்களின் நேரத்தைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்கும் ரெகுலேட்டர் செட்டுகள், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுவிடத் தரும் கருவிகள், பழசாகிவிட்டன. புதிது வாங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே வாங்குவது என்பதில்தான் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. இணையத்தில் வாங்கினால் மிச்சமாகும் பணத்தில் இன்னொரு செட்டே வாங்கிவிடலாம் என்று ஒரு தரப்பு. கடையில் வாங்கினால் நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கிறது என்று இன்னொரு தரப்பு. செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் இருக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ரெகுலேட்டரை ஓர் இணையதளத்தில் வாங்கினேன். நல்ல பெயருள்ள தயாரிப்பு, பெட்டி பிரிக்காமல் வந்தது, விலையும் மலிவு. சில மாதங்கள் சமர்த்தாக வேலை செய்தது. அப்புறம் டைவுக்கு முன் சிலிண்டரைத் திறந்தாலே செகண்ட் ஸ்டேஜில் (வாயில் வைக்கும் பகுதி) காற்று மெல்லக் கசிய ஆரம்பித்தது. நண்பர் ஒருவர் ஐபி கேஜை (இடைநிலை அழுத்தத்தை அளக்கும் மானி) மாட்டிப் பார்த்தார். சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை, சிலிண்டரில் 200 பார் அளவில் (ஒரு பார் ஏறக்குறைய தரையில் உள்ள காற்றழுத்தம்) இருக்கும் அழுத்தத்தைச் சுமார் 9, 10 பாருக்கு இறக்கி ஹோஸுக்குள் விடுவது. அந்த இடைநிலை அழுத்தம் ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும். என்னுடையதில் முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. உள்ளே இருக்கும் ஹை பிரஷர் சீட் சரியாக மூடவில்லை என்று பொருள். சீட் கைவிரல் நுனியில் அடங்கும் சின்னப் பொருள்தான். அதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்கு ஒரு சீசன் போனது. உதிரி பாகங்களைத் தயாரிப்பாளர் அங்கீகரித்த சர்வீஸ் மையங்களுக்கு மட்டுமே கொடுக்கிறார். அங்கே கொண்டுபோனால், இந்த சீரியல் எண் எங்கள் வட்டாரத்துக்கு விற்கப்பட்டதாகப் பதிவில் இல்லை, வாரண்டி செல்லாது என்றார்கள். விற்ற இணையதளமோ, திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றது. அனுப்பும் செலவு என்னுடையது, எல்லை தாண்டிப் போவதற்கான சுங்கப் படிவமும் என் வேலை. அது திரும்பி வந்தபோது கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன், தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைச் சொன்னதும் இணையத் தரப்பு நண்பர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கடைக்காரர்கள் சிலர் ஒரு பழைய பல்லவியைப் பாடுவார்கள்: "இது உயிர் காக்கும் கருவி, இணையத்தில் வாங்கினால் உங்கள் உயிருக்கு நீங்களே பொறுப்பு." எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. கடை அலமாரியில் இருப்பதும் இணையத்தில் விற்பதும் பல சமயம் ஒரே தொழிற்சாலையின் ஒரே பெட்டிதான். ஐரோப்பாவின் இஎன் 250 தரச் சோதனையில் தேறிய மாடல், யார் விற்றாலும் அதே மாடல்தான். 1943-இல் கூஸ்தோவும் கன்யானும் தங்கள் ரெகுலேட்டரை உருவாக்கிய நாளிலிருந்து அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. விற்பனைச் சீட்டைப் பார்த்து அது வேலை செய்வதில்லை. பயமுறுத்தி விற்பவரிடம் வாங்காமல் நகர்வதே மேல்.

விற்கும் இடத்தைப் பொறுத்து மாறுவது அதற்குப் பின்னால் வரும் ஆண்டுகள்தான். ரெகுலேட்டரை வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறையாவது, அல்லது 100 டைவுக்கு ஒரு முறையாவது சர்வீஸ் செய்ய வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டு இடைவெளி தருகிறார்கள், நடுவில் ஒரு பரிசோதனை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சில நிறுவனங்கள் ஆயுள் முழுக்க உதிரி பாகம் இலவசம் என்கின்றன. அந்தச் சலுகை அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கி, சர்வீஸ் தவணை தவறாதவர்களுக்கு மட்டும். பத்து ஆண்டு வைத்திருக்கப்போகும் பொருளுக்கு முதல் நாள் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். குறைபாடு கண்டுபிடித்துத் தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும்போது யாருக்குத் தகவல் போகும் என்பதும் இதில் சேரும். சீரியல் எண்ணைப் பதிவு செய்யாதவருக்குப் போகாது. கடையில் வாங்கியவர்களும் இதைச் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் இணையத்தில் அங்கீகரித்த விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். நான் வாங்கியது அப்படிப்பட்ட இடத்தில் இல்லை, அதைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

உடம்பில் படும் பொருள்களைப் பற்றி இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. மாஸ்க்கைப் படம் பார்த்து வாங்கவே முடியாது. பட்டையைப் பின்னால் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்துக் கையை எடுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். முகத்துக்கு முகம் இது மாறும், மீசைக்காரர்களுக்கு இன்னும் மாறும். வெட்சூட்டும் (குளிர் தாங்க உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) அப்படித்தான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். 5 மி.மீ. சூட் வாங்கி இடுப்பில் தொளதொள என்று இருந்தால், அசையும்போதெல்லாம் குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறும். அதற்கு ஒட்டிப் பிடிக்கும் 3 மி.மீ. தேவலை. குதிகால் திறந்த ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) பூட்டி (டைவ் காலணி) போட்ட காலோடுதான் பார்க்க வேண்டும். பிசிடியை (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி) வெட்சூட்டோடு போட்டு, காற்றை முழுக்க ஊதி, நெஞ்சை இறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் இந்த ஆண்டின் தர்மசங்கடம் வந்தது. நம் உறுப்பினர்களில் சிலர் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டு, வாசலுக்கு வந்து கைபேசியில் ஆர்டர் போட்டுவிட்டார்கள். ஒருவர் கடைக்குள் நின்றபடியே போட்டாராம். கடைக்காரர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில், போட்டுப் பார்க்கக் கட்டணம் உண்டு, வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். நம் கூட்டத்தில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அவருடைய ஒரு மணி நேரத்தை வாங்கிவிட்டுக் காசை வேறிடத்தில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? கட்டணம் கொடுத்துப் போட்டுப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், அதில் குற்றமில்லை.

அந்தக் கடைக்காரரிடம் நான் போய்ப் பேசினேன். மனிதர் மனம்விட்டுப் பேசினார். மாஸ்க், ஃபின் விற்பதில் வரும் லாபத்தில்தான் பின்கட்டில் இருக்கும் கம்ப்ரஷர் ஓடுகிறதாம். காற்று நிரப்பும் கட்டணத்தில் ஃபில்டர் செலவே சரியாக வருவதில்லை என்றார். இந்தப் பேச்சு முழுவதும் என்னை உறுத்தியது, ஏனென்றால் காற்று நிரப்பிய சிலிண்டரைச் சாதாரணக் கூரியரில் அனுப்ப முடியாது. இணையம் நமக்கு என்ன வேண்டுமானாலும் விற்கும், காற்றை மட்டும் விற்காது. அந்தக் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் சின்ன விஷயமில்லை. கம்ப்ரஷர் சூடேறி எண்ணெய் கருகினாலோ, வண்டிப் புகை உள்ளிழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் வந்தாலோ கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார். தரையில் தெரியாத அளவு அங்கே நான்கு மடங்காக வேலை செய்யும். ஃபில்டரை நாளோடு மாற்றும் கடை ஒன்று பக்கத்தில் இருப்பதன் மதிப்பை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது.

கடைகளைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆண்டு வந்த புகார்களில் கடைகள் மேல் வந்தவையும் உண்டு. புதிய உறுப்பினர் ஒருவருக்கு, கையிருப்பில் இருந்த சின்ன சைஸ் பூட்டியைக் காட்டி "போகப் போக நெகிழ்ந்துவிடும்" என்று விற்றிருக்கிறார்கள். நெகிழவில்லை. நகம் கறுத்ததுதான் மிச்சம். இன்னொருவர் டின் (சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் வகை) ரெகுலேட்டர் கேட்டதற்கு, யோக் (வால்வைக் கவ்வி மாட்டும் வகை) போதும், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்களாம். யோக் இணைப்பு 232 பார் வரைதான். 300 பார் சிலிண்டருக்கு டின் தவிர வேறு வழியில்லை. ரெகுலேட்டர் டின்னாக இருந்தால் அடாப்டர் போட்டு யோக் வால்விலும் மாட்டிக்கொள்ளலாம். அலமாரியில் ஒரே கம்பெனி சரக்கு வைத்திருப்பவர், உலகத்தில் அந்த ஒரே கம்பெனிதான் இருப்பது போலப் பேசுவது வாடிக்கை. பெண் உறுப்பினர்கள் தங்கள் அளவுக்குப் பிசிடியும் சூட்டும் கடைகளில் கிடைப்பதே இல்லை என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். பேக்பிளேட் (முதுகுத் தகடு), விங் (அதோடு மாட்டும் மிதவைப் பை), இரட்டை சிலிண்டர் சாமான்கள் தேடுபவர்களுக்கும் இதே கதைதான். அவர்களை இணையத்துக்கு அனுப்பியது கடைகளே.

டைவ் கம்ப்யூட்டர், டார்ச், மேற்பரப்பு மிதவை, ரீல், கத்தி, பை இவற்றையெல்லாம் இணையத்தில் வாங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்று பாருங்கள்: பேட்டரியை நாமே மாற்றலாமா, தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டுமா? இரண்டாவது வகை என்றால் மறுபடி கூரியர் புராணம்தான்.

பயன்படுத்திய சாமான் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய அலுமினிய சிலிண்டரை இணையத்தில் பார்த்து வாங்க வேண்டாம். 1990-க்கு முன் செய்யப்பட்டவற்றில் பல 6351 என்ற கலப்புலோகத்தில் ஆனவை, கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் தன்மை உள்ளவை. பல கடைகள் அவற்றைத் தொடவே மாட்டா. ஹைட்ரோ சோதனை (நீரழுத்தச் சோதனை) முத்திரையின் தேதியைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் விடுங்கள். பின்னல் ஹோஸ்களிலும் கவனம் தேவை. வெளியே பளபளப்பாக இருந்தாலும் சில வகைகளில் உள்குழாய் சிதைந்து, படிகமாகி அடைத்துக்கொண்ட சம்பவங்களை டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் பதிவு செய்திருக்கிறது. சங்கத்தின் ஹோஸ்களை இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பரிசோதித்தோம். சந்தேகம் வந்தவற்றைக் குப்பையில் போடுமுன் நடுவே வெட்டிவிட்டோம், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதல்லவா?

கடைசியில் செயற்குழு எடுத்த முடிவு: இரவல் ரெகுலேட்டர்களை உள்ளூர்க் கடையிலேயே வாங்கினோம், எல்லாம் ஒரே மாடல், எல்லாம் டின். ஒரே மாடல் என்பதால் ஒரே வகை சர்வீஸ் கிட்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். இணைய விலையை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துப் பேசியது நம் பொருளாளர். கடைக்காரர் அந்த விலைக்கு இறங்கவில்லை, ஆனால் முதல் இரண்டு சர்வீஸுக்குக் கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மிதவைகளும் டார்ச்சுகளும் இணையத்தில் வாங்கினோம். டார்ச் ஒன்றில் தண்ணீர் புகுந்தது. மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். முடிவை எதிர்த்து வாக்களித்த நண்பர்கள் இருவர் தங்கள் மறுப்பைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

வரும் மாதம் ஓ-ரிங், மவுத்பீஸ், ஜிப் டை மாற்றும் செய்முறை வகுப்பு உண்டு. ரெகுலேட்டரின் உள்பாகத்தைத் திறப்பது அந்த வகுப்பில் இல்லை, ஸ்பானரோடு வர வேண்டாம்.

இரவல் செட்டுகளின் முதல் சர்வீஸ் தவணை நெருங்குகிறது. வீட்டில் வைத்திருப்பவர்கள் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை மூடும் டஸ்ட் கேப்பை மாட்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஊறும்போது பர்ஜ் பொத்தானை (காற்றைத் திறந்துவிடும் பொத்தான்) அழுத்தாமல் அலசி, காயவைத்துக் கொண்டுவரவும். அப்புறம், சங்கத்தின் ஐபி கேஜ் சில வாரங்களாகக் காணவில்லை. யார் எடுத்துப் போனீர்கள் என்று கேட்கமாட்டேன். கூட்டம் முடிந்ததும் நுழைவாயில் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்