ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

மாமல்லபுரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு வேனில் வந்து இறங்குகிற கூட்டம், டான்ஸ்பர்க் கோட்டை வாசலில் வண்டி திருப்ப இடமில்லாத ஞாயிற்றுக்கிழமைகள், மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் கல் இடுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில். நீ எழுதியதைப் படித்தபோது தரங்கம்பாடி இல்லை, எங்கள் ஒத்தவாடைத் தெருவைத்தான் எழுதுகிறாயோ என்று தோன்றியது. வார்டு மக்கள் கூடுகிற அடுத்த பகுதி சபையில் எழுந்து பேசப் போகிறேன், என்ன கேட்கலாம் சொல் என்கிறாய். குப்பை, கழிப்பறை, தெருக்கடை மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் பேசினால் "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள்.

அது தலைக்கணக்கு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் ஊர் மக்கள்தொகை 15 ஆயிரம் சொச்சம். எத்தனை தூய்மைப் பணியாளர், எத்தனை வண்டி, எவ்வளவு மானியம் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே நிற்கும். ஊரைத் தாங்க வைப்பதோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொரோனா நேரத்து 2021–22-ல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் இல்லை, மாமல்லபுரம்தான். 1 லட்சத்து 44 ஆயிரம் பேருக்கு மேல். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 40 ரூபாய், 600 ரூபாய் டிக்கெட் காசு டெல்லி கணக்கில் ஏறுகிறது, குடித்துப் போட்ட இளநீர் மட்டை எங்கள் கணக்கில் ஏறுகிறது. 2024-ல் பேரூராட்சியை நகராட்சி என்று அறிவித்தார்கள். பலகை மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஆகவே முதலில் எண்ணு. செலவில்லாத வேலை. ஒரு செவ்வாய், ஒரு ஞாயிறு, காலை 10 முதல் மாலை 6 வரை ஊருக்குள் வரும் சாலையில் இரண்டு கல்லூரிப் பையன்களை நிறுத்து. பஸ், வேன், கார், பைக் என்று நான்கு பத்தி போட்டுக் கோடு கிழிக்கட்டும். பஸ்ஸுக்கு 45, வேனுக்கு 15, காருக்கு 4, பைக்குக்கு 2 என்று பெருக்கினால் போதும். ஓரளவுக்குச் சரியாக வரும். காணும் பொங்கலைத் தனியாக எண்ணு. அதைச் சராசரியில் கலந்துவிட்டால் கணக்கே கெட்டுப்போகும். கூடவே குப்பையைத் தரம் பிரித்து உரமாக்குகிற வளம் மீட்புப் பூங்காவில் எடை போடுகிற பேரேட்டைக் கேட்டுப் பார். நாள்வாரியாக எடை எழுதுகிறார்களா, அல்லது "வண்டி ஒன்று, நடை இரண்டு" என்று மட்டும் எழுதுகிறார்களா? நடைக்கணக்கு இருந்தால் அதை நம்பாதே. பாதி வண்டியும் ஒரு நடைதான்.

இப்போது குப்பை. கடற்கரை ஊர்க் குப்பையில் எல்லாரும் பிளாஸ்டிக்கைத்தான் பேசுவார்கள். 2019 ஜனவரி முதல் தேதி வந்த மாநிலத் தடைக்குப் பிறகும் கப்பும் கவரும் ஓயவில்லை என்பது உண்மை. ஆனால் வண்டியை நிரப்புவது பிளாஸ்டிக் இல்லை, இளநீர் மட்டை. குடித்துப் போட்ட ஒரு மட்டை சுமார் ஒன்றரை கிலோ. ஞாயிறன்று நூறு காய் வெட்டுகிற ஒரு வண்டிக்காரர் 150 கிலோ விட்டுவிட்டுப் போகிறார். 2016 திடக்கழிவு விதிகள் சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோ தாண்டுகிறவரைப் பெருமளவில் குப்பை உண்டாக்குபவர் என்று வைத்தன. பெரிய ஓட்டலை மனதில் வைத்து எழுதிய அளவு அது. பனங்கிடுகு நிழலில் நிற்கிற தள்ளுவண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தாண்டிவிடுகிறது, பார்.

மட்டையில் இரண்டு தொல்லை. சீவிய வாயை மேலே பார்க்கப் போட்டால் ஐப்பசி மழையில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை அள்ளுவது என்பது கொசுவுக்குத் தவணை கொடுப்பது. வெட்டுகிறவரே குடித்து முடித்த மட்டையை நான்காகப் பிளந்து சாக்கில் போட வேண்டும். அரிவாள் அவர் கையில்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு வெட்டு. அதற்கு ஈடாக அவர் சாக்கை மாலையில் கட்டாயம் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்ட முதல் வாரமே அவர் பழையபடி சவுக்குத் தோப்பில் கொட்ட ஆரம்பிப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது தொல்லை, அரைப்பது. தோட்டக் கிளைகளை அரைக்கிற இயந்திரத்தை வாங்கிப் பச்சை மட்டையைப் போட்டால் நார் தண்டில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சூடேறி நிற்கும். பிளந்த மட்டையைச் சில நாள் வெயிலில் காயவிட்டு, இளநீர் மட்டைக்கென்றே செய்த இயந்திரத்தில்தான் போட வேண்டும். கடற்கரை பெருக்கிய குப்பையை அதனோடு சேர்க்கவே கூடாது. அதிலிருக்கும் மணல் கத்தியை மழுங்கடித்துவிடும். பல ஊர்களில் இயந்திரம் துணி போர்த்தித் தூங்குவதற்குக் காரணம் மின்வெட்டு அல்ல, மணல்.

அரைத்த மட்டை குப்பை இல்லை, அதுதான் மருந்து. ஓட்டல் சாப்பாட்டுக் கழிவும் மீன் கழிவும் தனியாகக் குவித்தால் இரண்டாம் நாளே நாறும். ஈரம் அதிகம், காற்றோட்டம் இல்லை. ஒரு கூடை சாப்பாட்டுக் கழிவுக்கு இரண்டு கூடை அரைத்த மட்டை என்று அடுக்கு. மீன் தலை, செதில், குடல் எல்லாம் குவியலின் நடுவே ஓரடி ஆழத்தில் புதைய வேண்டும்; மேலாக வைத்தால் காக்கையும் நாயும் இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழி. விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் இன்னும் மட்டை போடு, உதிர்ந்தால் தண்ணீர் தெளி. குவியலுக்குள் 55 முதல் 60 டிகிரி சூடு ஏற வேண்டும், கை வைத்தால் பொறுக்காது. வாரம் ஒருமுறை புரட்டினால் 45 முதல் 60 நாளில் உரம். ஒன்று கவனி: மீனைக் கடல்தண்ணீரிலேயே கழுவிக் கழிவைக் கொட்டுகிற வழக்கம் இருந்தால் உரத்தில் உப்பு ஏறும். விற்கும் முன் உப்பளவு, அதாவது மின்கடத்துத் திறன், மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குள் இருக்கிறதா என்று மண் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிடு. தாண்டினால் கத்தரி நாற்று கருகும், அப்புறம் அந்த உரத்தை ஒரு விவசாயியும் சீந்த மாட்டார்.

ஓட்டல்கள் தரம் பிரிப்பதில்லை என்று நீ கோபப்படுகிறாய். நேரத்தைப் பார். சமையலறை கழுவி முடிக்க இரவு 11 ஆகிறது. வண்டி காலை 6:30-க்கு வருகிறது. இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரம் நாயும் மாடும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் மட்டும் இரவு 11:30-க்கு மக்கும் குப்பைக்கென ஒரு நடை விடச் சொல். பணியாளர் முறைமாற்றம்தான் தேவை, புது ஆள் வேண்டியதில்லை. அபராதத்தைவிட இது வேலை செய்யும். உங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கு இன்னொன்று: உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சியென்றால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று அதே 2016 விதிகளில் இருந்தது. சொன்னால்தானே வண்டி வரும்.

மணலை விடியற்காலையில், காற்று எழும்புமுன் சுத்தம் செய்ய வேண்டும். முற்பகல் தாண்டிக் கடற்காற்று பிடித்துவிட்டால் மூடியில்லாத தொட்டி எல்லாம் காலி. தொட்டியை அலையோரம் வைக்காதே, ஆட்கள் திரும்பிப் போகிற வழியில் வை. துடைப்பம் வேண்டாம், பல்வைத்த வாருகோல். தை முதல் பங்குனி வரை டிராக்டர் பூட்டிய சலிப்பு இயந்திரம் ஏறவே கூடாது, பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடுகிற காலம். கடற்கரை விளக்கும் அப்படித்தான். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவந்ததும் வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் போகும். உயர்கோபுர விளக்கு எரிந்தால் கடலை விட்டுச் சாலைக்கு வந்து சாகும். விளக்குக்குக் கடல் பக்கம் தகடு மறைப்பு போடச் சொல், ஒளி தரையில் மட்டும் விழட்டும்.

கழிப்பறை விஷயத்தில் எங்களுக்கு இரண்டு கோடு. தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான். 2010 திருத்தச் சட்டம். இன்னொரு பக்கம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். சின்னமும் கடலும் ஒட்டி நிற்கிற ஊரில் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது சந்துதான். டான்ஸ்பர்க் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருப்பதால் உனக்கு முதல் கோடு வேறு மாதிரி இருக்கும், இரண்டாவது அப்படியே பொருந்தும். ஆனால் 2019 கடற்கரை அறிவிக்கை வழி விடுகிறது: தற்காலிகக் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர், இருக்கை ஆகியவற்றை உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வருகிற உச்ச எல்லையிலிருந்து, 10 மீட்டர் தள்ளி வைக்கலாம். "கடற்கரையில் எதுவுமே கூடாது" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டு.

கட்டிய கழிப்பறை எதனால் பூட்டப்படுகிறது என்று பார்த்தால் மறுபடியும் மணல். குளித்துவிட்டு வருகிறவர் காலோடு வருகிற மணல் தரை வடிகாலில் இறங்கிக் குழாயை அடைக்கும், தண்ணீர் வாசலில் தேங்கும், மூன்றாம் நாள் பூட்டு. வாசலுக்கு வெளியே கால் கழுவும் குழாயும், அதன் கீழே வாரந்தோறும் அள்ளக்கூடிய மணல் தொட்டியும் வைக்காமல் எந்த வரைபடத்துக்கும் தலையாட்டாதே. குழாய் அழுத்தினால் மட்டும் ஊற்றுகிற வகையாக இருக்கட்டும். பெண்களுக்கு ஆண்களைவிட இருமடங்கு கழிப்பறை இருக்கை வேண்டும். ஈரச் சேலையோடு ஒருவர் உள்ளே போய்வர ஆகிற நேரம் வேறு. திறந்திருக்கும் நேரம் கடைசி பஸ் வரை. கழிவுத் தொட்டியை மாதம் எத்தனை முறை லாரி உறிஞ்சுகிறது, அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேள். நம் மாதிரி மணல் பூமியில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற இடத்தில், உறிஞ்சு குழி என்பது பக்கத்துக் கிணற்றுக்குப் போடுகிற வாய்க்கால். தொட்டி சுத்தம் செய்ய 14420 எண் இருக்கிறது. ஆளை இறக்கச் சொல்கிறவரைத் தடுக்கவும் அதே எண்தான்.

தெருக்கடை பற்றிச் சுருக்கமாக. 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். அகற்றுவதென்றால் 30 நாள் அறிவிப்பு. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். உரியவர் கேட்டால் அழுகக் கூடியதை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். சங்கு, பாசி விற்கிற பெண்களிடம் விற்பனைச் சான்று இருக்கிறதா என்று முதலில் பார். கணக்கெடுப்பு நாளன்று ஊரில் இல்லாதவர் பட்டியலிலும் இருக்க மாட்டார். கணக்கெடுப்பு செவ்வாயன்று நடந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கடைக்காரர் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள்.

கூட்டம் என்றால் சுற்றுலா மட்டும் இல்லை. மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக முந்தின நாளே வந்து எங்கள் மணலில் சேலையைக் கட்டிக் குடில் போடுவார்கள். விடியலில் மணலைக் குவித்து ஏழு படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிப்பார்கள். ஊருக்கு அவர்கள் விருந்தாளி இல்லை, கடற்கரை அவர்களுடையதும்தான். அன்றைக்கு வேண்டியது தண்ணீர் லாரி, நடமாடும் கழிப்பறை, இரவு முழுக்க ஒரு மருத்துவ வண்டி. முந்தின நாள் மதியமே வந்து நிற்க வேண்டும், மகத்தன்று காலை இல்லை. தேதி பஞ்சாங்கத்தில் ஓராண்டு முன்பே இருக்கிறது.

பகுதி சபையில் பேசுவதைப் பற்றி: கவுன்சிலர்தான் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வாயால் சொன்னது காற்றில் போகும். கோரிக்கையைத் தாளில் எழுது, அதன் கீழே உன் எண்ணிக்கை. இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள். கூட்டக் குறிப்பில் எழுதினார்களா என்று அங்கேயே படிக்கச் சொல். முதல் கூட்டத்தில் இரவுக் குப்பை வண்டி நடையை மட்டும் கேள். காசு அதிகம் கேட்காத கோரிக்கை என்பதால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். கழிப்பறையை இரண்டாவது கூட்டத்துக்கு வை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் வா. பைக்கில் வராதே, பூஞ்சேரி கூட்டுரோட்டிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி நட. நீ எண்ணிய தாள்களை மறக்காமல் எடுத்து வா, செவ்வாயையும் ஞாயிற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்