புலம்பெயர்வு: லாபம் கசியும் இடங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலேயே புலம்பெயர்வு பற்றிய விவாதங்கள் நின்றுவிடுகின்றன. இரு நாடுகளுக்கும் கிடைக்க வேண்டிய லாபம் எங்கே கசிகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதல் கசிவு, ஊருக்கு அனுப்பும் பணத்தில். உலக வங்கிக் கணக்குப்படி 2023-இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இப்படிச் சென்றது 65,000 கோடி டாலருக்கு மேல். 200 டாலர் அனுப்பினால் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. இந்தச் செலவு முழுவதும் ரசீதில் தெரியாது. ‘கட்டணம் இல்லை’ என்பார்கள். டாலரின் சந்தை மதிப்பு 100 ரூபாய் என்றால் கைக்கு 96 ரூபாய் தருவார்கள். 200 டாலருக்கு 8 டாலர் போயிற்று. 5 டாலர் கட்டணம் வாங்கி, டாலருக்கு 99 ரூபாய் தருபவரிடம் இழப்பு 7 டாலர்தான். ஆகவே வாங்குபவர் கைக்குக் கடைசியில் எவ்வளவு சேரும் என்று மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும். நிலையான கட்டணம் என்றால் இரண்டு தவணையாக அனுப்புவதைவிட ஒரே தவணை மலிவு. கைக்குச் சேரும் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பும் உண்டு. அனுபவமுள்ள செவிலியர் போனால் ஒரு பணியிடம் மட்டும் காலியாவதில்லை. அடுத்தவருக்குப் பயிற்சி தருபவரும் போய்விடுகிறார். இத்தகைய வெளிநாட்டு ஆள்சேர்ப்பு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு நடைமுறை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள 55 நாடுகளை 2023-இல் பட்டியலிட்டது. ஆனால் அந்த விதிகள் யாரையும் கட்டுப்படுத்தாது. ஏற்கும் நாடு பயிற்சிச் செலவில் பங்கேற்கும் அரசு ஒப்பந்தம் இல்லாமல் அது ஏட்டளவில்தான் இருக்கும்.

இதைவிட வேதனை, அப்படிப் போனவர் அங்கே செவிலியராகப் பணிபுரிய முடியாமல் பராமரிப்பு உதவியாளராக இருப்பது. அனுப்பிய நாடும் இழந்தது, ஏற்ற நாடும் பெறவில்லை. பட்டத்தைச் சரிபார்க்கும் வேலை போய் இறங்கிய பிறகு தொடங்குவதே பல நேரங்களில் காரணம். பாடத்திட்டம், மருத்துவமனைப் பயிற்சி நேரம் ஆகியவற்றுக்கான சான்றுகளை, நாட்டைவிட்டுப் புறப்படும் முன்பே கல்லூரியிலிருந்து முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். செவிலியர் பதிவு மன்றத்தின் நன்னடத்தைச் சான்று பெரும்பாலும் சில மாதங்களே செல்லும் என்பதால், அதை மட்டும் விண்ணப்பிக்கும் சமயத்தில் கேட்டு வாங்குவது நல்லது.